அமெரிக்கக் கல்லூரியில் நீண்டதூர ஓட்டம்: வெளிநாட்டு வீரர்களை எப்படி எடுக்கிறார்கள், எந்தக் கோச்சிடம் போவது? முழுமையான வழிகாட்டி

நன்றாக ஓடும் பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்போடு படிக்க வழி உண்டு என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் முதலில் கேட்பது, "5000 மீட்டருக்கு எவ்வளவு டைமிங் இருந்தா எடுப்பாங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி, பதிலும் கீழே இருக்கிறது. ஆனால் எடுத்த பிறகு நான்கு வருடம் அந்தப் பிள்ளையின் உடம்பையும் படிப்பையும் யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. கோச் உங்கள் டைமிங்கைத் துருவிப் பார்த்துத்தான் எடுக்கிறார். அதே அளவு நீங்களும் அவரைத் துருவிப் பார்க்க முடியும். அதற்கு வேண்டிய விவரமெல்லாம் பொதுவெளியிலேயே இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து போனவர்கள் இல்லாமல் இல்லை. 1958 ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர், கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022 என இரண்டு முறை அமெரிக்கக் கல்லூரிகளின் உயரம் தாண்டுதல் பட்டத்தை வென்றார். நீண்டதூர ஓட்டத்தில்தான் நம்மவர்கள் போவது குறைவு. அயர்லாந்து, கென்யா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பிள்ளைகள் அந்தப் பாதையில் பல தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

படி 1: கோச் போடும் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ (NCAA). அதில் நீண்டதூர வீரருக்கு வருடத்தில் மூன்று பருவங்கள்: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, மேடு பள்ளங்களில் ஓடும் ஓட்டம்), குளிர்காலத்தில் இன்டோர், மார்ச் முதல் ஜூன் வரை அவுட்டோர். குண்டு எறிபவருக்கு கிராஸ் கன்ட்ரி இல்லை. ஒரே ஸ்காலர்ஷிப்பில் மூன்று பருவமும் புள்ளி கொண்டுவருபவர் நீண்டதூர வீரர் மட்டுமே. கோச்சுக்கு உங்கள் மேல் கண் விழுவதற்கு முதல் காரணம் இதுதான்.

கிராஸ் கன்ட்ரியில் ஒரு அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் அணியின் புள்ளி. குறைந்த புள்ளி வென்றது. ஆறாவது, ஏழாவது ஆளுக்குப் புள்ளி இல்லை, ஆனால் எதிரணி ஆளை ஒரு இடம் பின்னால் தள்ளலாம். 2022 தேசியப் போட்டியில் நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆளுக்கு 83 புள்ளியில் வந்து நின்றன. ஐந்து பேரையும் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு, நார்தர்ன் அரிசோனாவுக்குப் பட்டம் போனது. நூற்றுக்கணக்கானோர் ஓடும் பந்தயத்தில் யாரோ ஒரு ஐந்தாவது ஆள் கடைசி இருநூறு மீட்டரில் ஒருவரை முந்தியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அதனால்தான் கோச்சுகள் நட்சத்திரத்தை மட்டும் தேடுவதில்லை. நம்பி இறக்கக்கூடிய நான்காவது, ஐந்தாவது ஆளையும் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள்.

இந்தத் தேடல் புதிதல்ல. 1956 ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற அயர்லாந்தின் ரான் டெலானி, வில்லனோவா பல்கலைக்கழக மாணவர். எழுபதுகளில் டெக்சாஸ் எல் பாஸோ பல்கலைக்கழகத்தின் கோச் டெட் பேங்க்ஸ் பெரும்பாலும் ஆப்பிரிக்க வீரர்களைக் கொண்டு அணி கட்டினார். அந்த அணி 1981 கிராஸ் கன்ட்ரி தேசியப் போட்டியில் 17 புள்ளியில் வென்றது. ஐந்து பேரும் முதல் ஐந்து இடத்தில் வந்தாலே 15தான். வாஷிங்டன் ஸ்டேட் மாணவராக இருந்த கென்யாவின் ஹென்றி ரோனோ, 1978ல் 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகள் படைத்தார். பிற்காலத்தில் குடியால் அவர் வாழ்க்கை எவ்வளவு சிதைந்தது என்பதும் எல்லோரும் அறிந்ததே. திறமைக்கு இடம் கொடுத்தார்கள், ஆனால் அந்த மனிதருக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்ற கேள்வி எனக்கு ரோனோ பெயரைக் கேட்கும்போதெல்லாம் எழும்.

வெளிநாட்டவருக்கு எதிரான முணுமுணுப்பும் அதே வயதுடையது. "வயதில் மூத்தவர்களைக் கொண்டுவந்து நம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஓட விடுகிறார்கள்" என்பது குற்றச்சாட்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் தனி விதி வைத்ததை ஹாவர்ட் பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் எழுபதுகளிலேயே செல்லாது என்றது. பிறகு வந்த விதிகள் எல்லா நாட்டவருக்கும் பொதுவாக, காலக்கணக்கை வைத்து எழுதப்பட்டன. அந்தக் காலக்கணக்குதான் இன்று நம் பிள்ளைகளைச் சிக்க வைக்கிறது. படி 3ல் வருகிறேன்.

அண்மையில் ஒரு பெரிய மாற்றம். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்துவிட்டது: கிராஸ் கன்ட்ரிக்கு 17, டிராக் அண்ட் ஃபீல்டுக்கு 45. முன்பு என்சிஏஏவின் மேல்மட்டமான டிவிஷன் 1ல் ஆண்களுக்கு மொத்தமாக 12.6, பெண்களுக்கு 18 ஸ்காலர்ஷிப்தான். அதை உடைத்து உடைத்துப் பலருக்குக் கொடுப்பார்கள். இப்போது இடம் குறைந்திருக்கிறது, ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. மெதுவாக வளரட்டும் என்று ஒரு புதுப் பிள்ளையை இரண்டு வருடம் வைத்துப் பார்க்கும் பொறுமை பல கோச்சுகளுக்குக் குறைந்துவிட்டது. இதோடு, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் சேர்ந்துகொண்டது. வேறு கல்லூரியில் ஏற்கெனவே நிரூபித்த ஆளை அங்கிருந்து எடுக்க முடியும் என்றால், தெரியாத நாட்டிலிருந்து தெரியாத பிள்ளையை ஏன் எடுக்க வேண்டும் என்று யோசிப்பார்கள். உங்கள் மெயில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

படி 2: எந்த மட்டம் உங்களுக்குச் சரி?

டிவிஷன் 1, டிவிஷன் 2 இரண்டிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு. டிவிஷன் 3ல் இல்லை. ஆனால் படிப்புக்கான உதவித்தொகையும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும் சில இடங்களில் தாராளமாகக் கிடைக்கும். என்சிஏஏவுக்கு வெளியே என்ஏஐஏ என்ற தனி அமைப்பு இருக்கிறது. அப்புறம் இரண்டு வருட ஜூனியர் காலேஜ்கள். டெக்சாஸின் சவுத் பிளெயின்ஸ், கான்சாஸின் கோல்பி போன்ற சின்ன ஊர்க் கல்லூரிகள் வழியாகப் பல ஆப்பிரிக்க வீரர்கள் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறார்கள். ஐயோவா ஸ்டேட்டுக்காக ஓடிய கென்யாவின் வெஸ்லி கிப்டூ கோல்பியில் தொடங்கியவர்தான். மார்க் கொஞ்சம் குறைவு, ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் இது நல்ல வழி. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இப்போது டைமிங். இது என் கணிப்பு, விதி அல்ல. ஆண்களில் 5000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் ஓடும் இளைஞரை டிவிஷன் 1 கோச்சுகள் தாங்களாகவே தேடி வருவார்கள். 14:10 முதல் 14:40 வரை என்றால் நடுத்தர டிவிஷன் 1, நல்ல டிவிஷன் 2. 15 நிமிடத்தை ஒட்டி என்றால் டிவிஷன் 2, என்ஏஐஏ, ஜூனியர் காலேஜ். பெண்களில் 16:20க்குக் கீழே இருந்தால் பெரிய இடங்கள் கவனிக்கும். 16:30 முதல் 17:15 வரை நடுத்தரம். 18 நிமிடம் வரை மற்ற அமைப்புகளில் கதவு திறந்திருக்கும். வயதும் சேர்ந்து பேசும். பதினேழு வயதில் 14:50 ஓடியவரும் இருபத்திரண்டில் 14:50 ஓடியவரும் கோச்சின் கண்ணுக்கு ஒன்றல்ல.

ஸ்டீப்பிள்சேஸ் (3000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம்) பழகியவர்கள் அதை மெயிலின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். தண்ணீர்க் குழியைப் பயமில்லாமல் தாண்டத் தெரிந்த பிள்ளைகள் எந்த நாட்டிலும் குறைவு. போட்டி கொஞ்சம் தளர்வாக இருக்கும். உச்சியில் மட்டும் தளர்வே கிடையாது: அலபாமாவின் கென்ய மாணவி டோரிஸ் லெம்ங்கோலே 2025ல் 8:58.15 ஓடியிருக்கிறார்.

படி 3: காலக்கணக்கு – பலர் கெட்டுப்போகும் இடம்

ஒரு விளையாட்டில் நான்கு பருவம் ஓடலாம், அதை ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது டிவிஷன் 1ல் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. அந்த ஐந்து வருடக் கடிகாரம் அமெரிக்காவில் இறங்கிய அன்று ஓடத் தொடங்குவதில்லை. உலகின் எந்த மூலையிலும் ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். "இப்போதைக்கு இங்கே ஒரு பி.எஸ்சி.யில் போட்டு வைப்போம், அங்கிருந்து கூப்பிட்டால் விட்டுவிட்டுப் போகலாம்" என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம் கரைகிறது, அதோடு அமெரிக்கப் பல்கலைக்கழகம் உங்களை டிரான்ஸ்ஃபர் மாணவராகவும் பார்க்கும்.

கல்லூரியில் சேராமல் பயிற்சி மட்டும் செய்தால்? அதற்கும் கணக்கு உண்டு. பிளஸ் டூ முடித்ததும் ஒரு வருட அவகாசம். அதற்கு மேல் சேராமலே இருந்து போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தால், அப்படி ஓடிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பருவம் பறிபோகும். சேர்ந்த பிறகும் ஒரு வருடம் ஓடாமல் உட்கார வேண்டி வரும். போட்டி என்றால் நேஷனல்ஸ் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊரில் நேரம் குறித்து நடத்தும் 10 கிலோமீட்டர் ரோடு ரேஸும் இதே கணக்கில்தான் வரும். பிளஸ் டூ முடித்து மூன்று வருடம் ஜூனியர், சீனியர் என்று மெடல் சேர்த்துவிட்டு மெயில் அனுப்பும் பிள்ளைக்குத் திறமை கூடியிருக்கும், ஓட மீதமுள்ள பருவம் குறைந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

காலக்கணக்கு விதிகளை என்சிஏஏ மாற்றி எழுதும் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தோடு பேசினாலும், அதன் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் (விதிகளைக் கவனிக்கும் பிரிவு) "என் பிள்ளைக்கு எத்தனை பருவம் இருக்கிறது?" என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கோச் போனில் சொன்னது போதாது.

படி 4: பரிசுப் பணம், வேலை, ஏஜென்ட்

வாங்கிய பரிசுத் தொகை, ஸ்பான்சர் ஒப்பந்தம், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையில் வாங்கிய சம்பளம் எதையும் மறைக்காதீர்கள். விதிகள் தளர்ந்து வருகின்றன, சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும். மறைத்து, பிறகு ஒரு பழைய செய்தித்தாள் படத்தில் பெரிய அட்டைக் காசோலையோடு நீங்கள் நிற்பது தெரிந்தால் அந்தக் கோச்சாலும் காப்பாற்ற முடியாது.

இடம் பிடித்துத் தருகிறோம் என்று வரும் ஏஜென்சிகளில் நல்லவையும் உண்டு. ஆனால் "ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் இத்தனை சதவீதம் எங்களுக்கு" என்று பேசினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். இடம் கிடைப்பதைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவது என்சிஏஏ விதிப்படி உங்கள் தகுதியையே கெடுக்கும். நிலையான கட்டணம் அனுமதிக்கப்பட்டது. என் கருத்து வேறு: நீண்டதூர ஓட்டத்துக்கு ஏஜென்சியே தேவையில்லை. உங்கள் டைமிங்தான் உங்கள் சிபாரிசு. கோச்சுகளின் மெயில் முகவரி ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் இருக்கிறது.

படி 5: ஆவணங்களை நேர்படுத்துங்கள்

என்சிஏஏவின் தகுதி மையத்தில் கணக்குத் தொடங்கி, ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மார்க்‌ஷீட்களைச் சேர்க்க வேண்டும். என்சிஏஏ தன் தகுதிக்கு எஸ்ஏடி கேட்பதை 2023ல் நிறுத்திவிட்டது. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம். ஆங்கிலத்துக்கு டோஃபல், ஐஇஎல்டிஎஸ், டியோலிங்கோ மூன்றில் எதை ஏற்கிறார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையான தலைவலி பெயர். மார்க்‌ஷீட்டில் "எஸ். கார்த்திக்". பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி "கார்த்திக் செல்வம்". தடகள சங்கத்தின் பதிவில் "கார்த்திக் எஸ்". உலகத் தடகள அமைப்பின் தளத்தில் ஒரு எழுத்து மாறி இன்னொருவர். நான்கும் ஒரே ஆள்தான் என்று அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்படி நம்புவார்? பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரே நபர் என்று அஃபிடவிட் எடுத்து வையுங்கள். பிறந்த தேதிக்கும் இதே கதிதான். சின்ன வயதில் வயதுப் பிரிவுக்காக யாராவது தேதியைக் குறைத்துப் போட்டிருந்தால், அது இங்கேதான் வெடிக்கும். வயது மோசடி சந்தேகம் வந்த பிள்ளையைத் தொடவே கோச்சுகள் தயங்குவார்கள்.

படி 6: மெயில் எழுதுவது

டிவிஷன் 1 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டின் ஜூன் 15 முதல் உங்களோடு பேசலாம். நீங்கள் மெயில் அனுப்புவதற்குத் தடை எப்போதும் இல்லை. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே முதல் மெயில் போவது நல்லது. தலைமைக் கோச்சுக்கு மட்டும் அனுப்பாமல், நீண்டதூரத்தைக் கவனிக்கும் துணைக் கோச்சுக்கும் அனுப்புங்கள். உண்மையில் படிப்பவர் அவர்தான்.

பொருள் வரியில் பெயர், நாடு, பிளஸ் டூ முடிக்கும் ஆண்டு, நிகழ்ச்சி, நேரம். "திறமையான இந்திய ஓட்டக்காரர்" என்றெல்லாம் வேண்டாம். உள்ளே இப்படி இருந்தால் போதும் (அனுப்புவது ஆங்கிலத்தில்):

"வணக்கம் கோச். நான் தமிழ்நாட்டைச் சேர்ந்தவன், 17 வயது, 2027 மார்ச்சில் பிளஸ் டூ முடிக்கிறேன். 5000 மீட்டர் 14:38, 1500 மீட்டர் 3:54. முடிவுகளின் இணைப்பும் 5000 மீட்டர் ஓட்டத்தின் வீடியோவும் கீழே. வாரம் 85 கிலோமீட்டர் ஓடுகிறேன், வாரத்தில் இரண்டு நாள் வேக ஓட்டம். கடந்த ஒரு வருடத்தில் 15:20லிருந்து இறங்கியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் 88 சதவீதம். கணினி அறிவியல் படிக்க விருப்பம். உங்கள் அணியில் சென்ற கிராஸ் கன்ட்ரி பருவத்தில் நான்காவது, ஐந்தாவது ஆட்களுக்கு இடையே இடைவெளி பெரிதாக இருந்ததைப் பார்த்தேன். அந்த இடத்துக்கு நான் வளர முடியும் என்று நம்புகிறேன்."

இதில் கோச்சின் கண் நிற்கும் இடம் 85 கிலோமீட்டர் என்ற எண். குறைந்த தூரம் ஓடி நல்ல டைமிங் போட்ட பிள்ளைக்கு ஏறுவதற்கு இடம் இருக்கிறது. ஏற்கெனவே 150 ஓடி 14:38 போட்டவரிடம் அந்த இடம் குறைவு. அதனால் தூரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். வீடியோவில் கடைசி இரண்டு சுற்று தெளிவாக இருக்கட்டும்.

டைமிங் எங்கே போடப்பட்டது என்பதும் முக்கியம். மே மாத வெயிலில், வேகம் பிடித்துத் தர ஆளில்லாமல் தனியாக முன்னால் ஓடிப் போட்ட 14:45, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் இன்டோர் டிராக்கில் போடும் நேரத்தோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. 2025 பிப்ரவரியில் குல்வீர் சிங் 12:59.77 ஓடி, 5000 மீட்டரில் 13 நிமிடத்தை உடைத்த முதல் இந்தியர் ஆனது அந்த டிராக்கில்தான். கல்லூரி வீரர்களும் தகுதி நேரத்துக்காக அங்கே குவிவார்கள். ஆகவே வெப்பம், ஈரப்பதம், பந்தயம் நடந்த மணி, இரண்டாவதாக வந்தவர் எவ்வளவு பின்னால் இருந்தார் என்று ஒரு வரி சேருங்கள். கெட்டிக்காரக் கோச்சுக்கு அது போதும்.

முப்பது நாற்பது இடங்களுக்கு அனுப்புங்கள். பதில் வராத இடங்களே அதிகம் இருக்கும். புது டைமிங் போட்டதும் மறுபடி அனுப்புங்கள்.

படி 7: இப்போது நீங்கள் கோச்சைப் படியுங்கள்

அமெரிக்கக் கல்லூரித் தடகள முடிவுகள் எல்லாம் டிஎஃப்ஆர்ஆர்எஸ் (TFRRS) என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு அணியும், ஒவ்வொரு வீரரும், ஓடிய ஒவ்வொரு பந்தயமும் அதில் உண்டு. ஒரு மாலை உட்கார்ந்து கீழே சொல்வதைச் செய்யுங்கள். பெற்றோரும் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

முதலில், மூன்று வருடத்துக்கு முன் அந்த அணியில் முதலாண்டு மாணவராக வந்த நீண்டதூர வீரர்களின் பெயர்களை எழுதுங்கள். இன்று அணியில் எத்தனை பேர் மீதி? எட்டுப் பேர் வந்து இரண்டு பேர் மிஞ்சியிருந்தால் மற்ற ஆறு பேர் எங்கே போனார்கள் என்று தேடுங்கள். வேறு கல்லூரிக்குப் போய் நன்றாக ஓடுகிறார்களா, ஓட்டத்தையே விட்டுவிட்டார்களா? இந்த ஒன்றே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

அடுத்து, மிஞ்சியவர்களின் பி.பி. (சொந்தச் சிறந்த நேரம்) வருடத்துக்கு வருடம் இறங்கியிருக்கிறதா? முதலாண்டில் 14:05, இரண்டாமாண்டில் 13:50, பிறகு ஒரு முழு வருடம் ஒன்றுமே இல்லை, பிறகு 14:20. அந்த வெற்று வருடத்தில் பெரும்பாலும் ஒரு எலும்பு முறிவு இருக்கும். ஒருவருக்கு நடந்தால் விதி. ஒரே அணியில் நான்கு பேருக்கு நடந்தால் பயிற்சியில்தான் கோளாறு.

மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: கான்ஃபரன்ஸ் போட்டியின் (அந்தப் பல்கலைக்கழகம் சேர்ந்திருக்கும் குழுவுக்குள் நடக்கும் போட்டி) பக்கத்தைத் திறந்து, அணியின் வெளிநாட்டு வீரர் எத்தனை நிகழ்ச்சி ஓடினார் என்று பாருங்கள். முதல் நாள் 10,000 மீட்டர், அடுத்து ஸ்டீப்பிள்சேஸ், கடைசி நாள் 5000 என்று ஒரே ஆளை மூன்று முறை இறக்கியிருப்பார்கள். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 8 என்று கணக்கு ஏறும். கோச்சின் ஒப்பந்தமும் போனஸும் அந்தப் புள்ளிகளோடு பின்னியவை. எப்போதாவது செய்தால் குற்றமில்லை, பல வீரர்கள் விரும்பியே ஓடுவார்கள். ஆனால் ஸ்காலர்ஷிப்பையும் விசாவையும் கோச்சின் கையில் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு "முடியாது" என்று சொல்லும் தெம்பு குறைவு. அமெரிக்க வீரர்கள் ஒன்று இரண்டு ஓடும்போது வெளிநாட்டவர் மட்டும் மூன்று ஓடினால், அங்கே உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு வீடியோ காலில் கேளுங்கள். புது மாணவருக்கு முதல் மூன்று மாதம் வாரத் தூரம் எவ்வளவு? நல்ல பதில், "நீ இப்போது ஓடுவதிலிருந்து மெதுவாகத்தான் ஏற்றுவோம்" என்று தொடங்கும். "இங்கே எல்லோரும் 140 ஓடுகிறார்கள்" என்று தொடங்கினால் எச்சரிக்கை. பொதுவாக ஒரு ஆண்கள் அணியின் செப்டம்பர் வாரம் இப்படி இருக்கும்: செவ்வாயும் வெள்ளியும் கடினம் (ஒரு நாள் த்ரெஷோல்ட், அதாவது மூச்சுத் திணறாமல் நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேக ஓட்டம்; இன்னொரு நாள் புல்வெளியில் அல்லது மேட்டில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஓடும் ரிப்பீட்), ஞாயிறு 22 முதல் 28 கிலோமீட்டர் லாங் ரன், மீதி நாட்கள் மெதுவான ஓட்டம். த்ரெஷோல்ட் வேகத்தைக் கோச் எதை வைத்துத் தீர்மானிக்கிறார் என்று கேளுங்கள். லாக்டேட் மீட்டரா, இதயத் துடிப்பா, மூத்த வீரர்களின் வேகமா? மூன்றாவதுதான் ஆபத்து: புதுப் பிள்ளை, நான்காமாண்டு மாணவரின் மெதுவான ஓட்டத்தைத் துரத்தியே தினமும் பந்தயம் ஓடித் தீர்ந்துபோவார்.

இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு) பார்க்கிறார்களா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? சைவம் சாப்பிடும் நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது தலையாய கேள்வி. நார்தர்ன் அரிசோனா இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் போல 2100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்றால் இரும்புச்சத்து இல்லாமல் போவது வீண்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: அணியில் எடை, உடல் கொழுப்பு அளக்கிறார்களா, அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்? 2021ல் ஒரு முன்னணிப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீராங்கனைகள், உடல் கொழுப்பு அளவீடுகள் தங்களைச் சாப்பாட்டுக் கோளாறுவரை தள்ளின என்று வெளிப்படையாகப் பேசினார்கள். மாதவிடாய் நின்றுபோவதை "நல்ல ஃபிட்னஸ்" என்று எடுத்துக்கொள்ளும் அணிக்கு உங்கள் மகளை அனுப்பாதீர்கள். டாக்டரும் டயட்டீஷியனும் கோச்சுக்குக் கீழ்ப்படிந்தவர்களாக இல்லாமல் தனியாக இருக்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக, கோச் அறிமுகப்படுத்தும் வீரரோடு பேசுங்கள், சரி. அவர் அறிமுகப்படுத்தாத, அணியை விட்டுப்போன ஒரு வெளிநாட்டு வீரரை இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்தும் பேசுங்கள். பெரும்பாலும் மனம் திறந்து பேசுவார்கள், ஏனென்றால் அவர்களிடம் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

படி 8: ஆஃபரைப் படிப்பது

சேர்வதாக வீரர் உறுதி தந்து கையெழுத்திட முன்பிருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024ல் ஒழிக்கப்பட்டது. இப்போது கையெழுத்திடுவது நேரடியாகப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை ஒப்பந்தம். "ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்று வாயால் சொல்வது ஒன்று, தாளில் இருப்பது வேறாக இருக்கலாம். கட்டணம், அறை, சாப்பாடு, புத்தகம், மருத்துவக் காப்பீடு என ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா? ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? காயம்பட்டு ஒரு பருவம் ஓடாவிட்டால் தொடருமா? கோடை வகுப்புக்குப் பணம் உண்டா? உங்களை எடுத்த கோச் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால்? (போவார்கள். இது சாதாரணமாக நடப்பது.)

உதாரணத்துக்கு, வருடச் செலவு 45,000 டாலர், கோச் தருவது 25,000, படிப்புக்கான உதவி 10,000 என்று வையுங்கள். மீதி 10,000 டாலரை வீட்டிலிருந்து கட்ட வேண்டும், அதற்கு வங்கிச் சான்றும் காட்ட வேண்டும். இது போக, உதவித்தொகையில் அறைக்கும் உணவுக்கும் போகும் பகுதிக்கு வரி உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, செப்டம்பரில் பில் வரும்போதுதான் தெரியும். அமெரிக்க வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்து நாமும் ஈடுகட்டலாம் என்று நினைக்க வேண்டாம்: எஃப்-1 விசாவில் அங்கே அப்படி வேலை செய்து பணம் வாங்குவது விசாவையே சிக்கலாக்கும். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஆனால் பயிற்சிக்கே பருவத்தில் வாரம் 20 மணி நேரம் போகும்.

படி 9: விசா

ஆஃபர், சேர்க்கை, பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், பிறகு சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். ஐ-20 ஏப்ரலில் கையில் இருந்தால் நிம்மதி. பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருந்து தொடங்கினால் ஆகஸ்ட் பயிற்சி முகாமைப் பிடிப்பது கஷ்டம். அப்படியானால் ஜனவரியில் சேரலாமா என்று கோச்சைக் கேளுங்கள், பல வெளிநாட்டு வீரர்கள் அப்படித்தான் சேர்கிறார்கள். 2025 முதல் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். நேர்காணலில் "ஓடப் போகிறேன்" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். என்ன படிக்கப் போகிறீர்கள், ஏன் அந்தப் பாடம் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். நீங்கள் வாங்குவது மாணவர் விசா.

படி 10: போய்ச் சேர்ந்த முதல் பருவம்

முதல் ஆறு வாரம் எதிலும் அவசரம் வேண்டாம். நேர மாற்றம், புதுச் சாப்பாடு, குளிர், ஆங்கிலத்தில் நாள் முழுக்க வகுப்பு இவை எல்லாம் உடம்புக்குப் பயிற்சிச் சுமையேதான். முதல் பருவத்தை ரெட்‌ஷர்ட்டாக, அதாவது போட்டியில் இறங்காமல் பருவத்தைச் சேமித்து வைக்க முடியுமா என்று கோச்சிடம் முன்பே பேசி வையுங்கள்.

படிப்பில் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் ஓடும் தகுதி மட்டுமல்ல, விசாவும் ஆட்டம் காணும். முழுநேரக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் சேரும். பயணப் பந்தயங்களுக்காகப் பேராசிரியர்களிடம் அனுமதிக் கடிதம் கொடுக்கும் பழக்கம் அங்கே உண்டு. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

கணைக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால், அன்றைக்கே அணியின் காயங்களைக் கவனிக்கும் ட்ரெய்னரிடம் போங்கள். கோச் என்ன நினைப்பாரோ என்று மறைத்து ஓடும் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் உடைந்து போகிறார்கள். இரண்டு வாரம் நீச்சல் குளத்தில் ஓடுவதோடு முடிய வேண்டிய விஷயம், மறைத்தால் எலும்பு முறிவுக்குப் போடும் பூட்ஸில் மூன்று மாதம் என்று முடியும். வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது வீடியோவில் பேசுங்கள். பெற்றோர் அப்போது டைமிங்கைக் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா, தூங்கினாயா, கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஏதோ சரியில்லை என்று பட்டால் கோச்சுக்கு மட்டும் அல்லாமல், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் மெயில் அனுப்புங்கள். அந்த முகவரியைக் கிளம்புவதற்கு முன்பே இருவர் போனிலும் ஏற்றி வையுங்கள்.